8 ஏன் விடையாகாது?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில், இயற்கணிதப் பாடத்தில், ஒரு கணக்கு உண்டு. 10 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலம். அதன் நடுவே சதுரமாக ஒரு பூப்பாத்தி. பாத்தியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் சரளைக்கல் பாதை. பாத்தி அமைக்கச் சதுர மீட்டருக்கு 3 ரூபாய், பாதை போட 4 ரூபாய், மொத்தச் செலவு 364 ரூபாய். பாதையின் அகலம் எவ்வளவு?

ஆத்தூரில், தாமிரபரணிப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டில், இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்த மாணவி ஒருத்தியின் நோட்டை அண்மையில் பார்த்தோம். படிகள் எல்லாம் சரி. சமன்பாட்டைச் சுருக்கி, காரணிப்படுத்தி, அகலம் 2 அல்லது 8 என்று கொண்டுவந்திருந்தாள். அதற்குக் கீழே வெற்றுத்தாள். "மைனஸ் வந்தா அடிச்சிட்டு பிளஸ்ஸ எழுதணும்னு சொல்லிக் குடுத்தாவ. இதுல ரெண்டும் பிளஸ்ஸால்லா வந்திருக்கு. எதை அடிக்க?" என்று கேட்டாள்.

10 மீட்டர் நிலத்தில் இருபுறமும் 8 மீட்டர் பாதை போட 16 மீட்டர் வேண்டும். பாத்திக்கு இடமே கிடையாது. ஒரு குச்சியை எடுத்து முற்றத்து மணலில் சதுரத்தைக் கீறியதும் அவளே சொல்லிவிட்டாள்; அரை நிமிடம் ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தை ஓராண்டு முழுவதும் பள்ளி அவளுக்குத் தரவில்லை. அவளுடைய பாடநூலில் அந்தக் கணக்கின் மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தது. 'இது வேண்டாம்' என்பதற்கான அடையாளம். ஏணிக் கணக்கின் மேலும் அதே குறி. வட்ட மைதானக் கம்பக் கணக்கின் மேலும் அதே குறி. குறியை மீறித் தானாக ஒன்றைப் போட்டுப் பார்த்த பிள்ளை, கடைசிப் படியில் துணையில்லாமல் நின்றுவிட்டாள்.

இந்தப் பெருக்கல் குறிகளை இந்த இதழ் கண்டிக்கிறது. அவற்றைப் போட வைத்த தேர்வு முறையைக் கண்டிக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து அதே குறியைப் பாடநூலின் மீதே போட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவையும், அதாவது என்.சி.இ.ஆர்.டி.யையும் சேர்த்தே கண்டிக்கிறது.

முதலில் நம் வீட்டுக் கதை. எஸ்.எஸ்.எல்.சி. கணித வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. தேர்ச்சிக்கு 35 போதும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண் வினாக்கள் இரண்டு: 43-ஆம் வினா செய்முறை வடிவியல், 44-ஆம் வினா வரைபடம். ஆக 16 மதிப்பெண். பாடப் பயிற்சியின் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய். வடிவியலையும் வரைபடத்தையும் கைப்பழக்கமாக்கு. இரண்டு மதிப்பெண் வினாக்களில் கொஞ்சம் தேற்று. கரையேறிவிடலாம். 'மினிமம் மெட்டீரியல்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சுற்றும் நகல் தாள்களின் சாரம் இவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் பகுதியிலோ 14 வினாக்களில் 10 எழுதினால் போதும். உருவத்தைப் படித்துப் புரிந்து சமன்பாடாக்க வேண்டிய கணக்கு அங்கே வந்தாலும், அதைத் தாண்டிப் போக வழி திறந்தே கிடக்கிறது.

43-உம் 44-உம் வினாத்தாளில் அடுத்தடுத்த வீடுகள். நடுவே மதில். ஒன்றில் மாணவன் கவராயத்தையும் அளவுகோலையும் வைத்துத் தொடுகோடு வரைகிறான். ஏன் அந்தப் புள்ளியில் கவராயத்தை ஊன்றினான் என்று கேட்டால் 'அப்படித்தான் படி' என்பான். இன்னொன்றில் பரவளையம் வரைகிறான். அது அச்சை வெட்டும் இரண்டு இடங்கள்தான் சமன்பாட்டின் மூலங்கள் என்று எழுதுகிறான். ஆனால் அந்த மூலம் ஒரு வயலின் அகலமாக, ஒரு சுவரின் உயரமாக, ஒரு கிணற்றின் விட்டமாக இருக்கக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு வருவதில்லை. வடிவியலும் இருபடிச் சமன்பாடும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவற்றைப் பிரித்து வைத்து ஆளுக்கு 8 மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஆத்தூர்ப் பிள்ளைகளுக்கு இப்படி நேர்வது கூடுதலாக உறுத்துகிறது. அளவை கண்ணெதிரே கிடக்கும் ஊர் இது. வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்சம் தள்ளிப் போனால் ஆறுமுகநேரியின் உப்பளம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் நடந்து பாருங்கள். அகத்தி வரிசை, பாத்தி, இடையே வாய்க்கால், மறுபடி பாத்தி. வாய்க்காலை ஒரு முழம் அகலமாக்கினால் எத்தனை பாத்தி குறையும் என்பது அங்கே சோற்றுக் கணக்கு. உப்பளத்தில் வரப்பின் அகலம் கூடினால் பாத்தியின் பரப்பு குறையும். அந்தச் சரளைப் பாதைக் கணக்கு வேறெங்கும் போகவில்லை, உப்பளத்தில்தான் நாள்தோறும் நிற்கிறது. அப்பா வரப்பு கட்டிக்கொண்டிருக்க, மகள் புத்தகத்தில் அதே வரப்பின் மேல் பெருக்கல் குறி போடுகிறாள்.

ஆற்றுக்கு வடக்கே சிறிது தூரத்தில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும், இந்தக் கரை முத்தை விலைபேசிய முறை நினைவில் வைக்கத் தக்கது. முத்தை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தார்கள். விலைக்கு எடையை அப்படியே எடுக்கவில்லை, எடையை அதே எடையால் பெருக்கி வந்த எண்ணைத்தான் அடிப்படையாகக் கொண்டார்கள். ஒரே தரமுள்ள முத்துகளில் எடை இரு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. முத்து வணிகனின் விரல்நுனியில் வர்க்கம் இருந்தது. இன்ன விலைக்கு இன்ன எடை என்று அவன் திருப்பிக் கணக்கிட்டபோது இருபடிச் சமன்பாட்டைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இதை அறிந்தே கற்பித்தன. எண்சுவடியோடு பிள்ளைகள் குழிமாத்து என்ற வாய்ப்பாட்டையும் ஒப்பித்தார்கள். குழி என்பது நிலத்தின் சதுர அளவு. ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்குவதை நம் முன்னோர் நிலத்தின் பெயராலேயே சொன்னார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்ட நிலத்தின் குழியைக் காண அரைச் சுற்றையும் அரை விட்டத்தையும் பெருக்கச் சொல்கிறது. திண்ணைப் பள்ளியிலும் மனப்பாடம் இருந்தது, பிரம்படி இருந்தது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட நாம் வரவில்லை. ஆனால் அங்கே ஒப்பித்த வர்க்கத்துக்குக் கீழே மண் இருந்தது.

ஓர் உருவம் சமன்பாட்டுக்கு என்ன தருகிறது என்பதை இந்த மண்ணை வைத்தே சொல்லிப் பார்க்கிறோம். செவ்வகமான ஒரு கொடிக்கால். சுற்றிலும் வேலி 140 மீட்டர். பரப்பு 1,200 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 செண்ட். நீள அகலம் என்ன? நீளமும் அகலமும் சேர்ந்து 70. ஒன்றை எக்ஸ் என்று வைத்தால் மற்றது 70-இல் எக்ஸ் போக மீதி. இரண்டின் பெருக்கல் 1,200. இருபடிச் சமன்பாடு வந்துவிட்டது. மூலங்கள் 30, 40. இங்கேயும் இரண்டும் மிகை எண்கள். இங்கே எதையும் அடிக்கத் தேவையில்லை. ஒன்று நீளம், மற்றது அகலம். பாதைக் கணக்கிலும் இரண்டு மிகை எண்கள் வந்தன. அங்கே ஒன்றைத் தள்ளினோம். இங்கே இரண்டையும் வைத்துக்கொள்கிறோம். சமன்பாடு தானாக இதைச் சொல்லாது. நிலத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது அதே கொடிக்காலைச் சதுரமாக்கிப் பாருங்கள். 70-இல் பாதி 35. 35-க்கு 35 சதுரம் 1,225. நம் நிலம் 1,200. குறைவது 25, அதாவது 5-க்கு 5 ஒரு சின்னச் சதுரம். ஆகவே ஒரு பக்கம் 35-ஐவிட 5 கூடுதல், மறுபக்கம் 5 குறைவு: 40, 30. சூத்திரம் எதுவும் இல்லாமல் விடை வந்துவிட்டது. நீள்செவ்வகத்தின் ஒரு பட்டையை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் பெரிய சதுரத்தில் ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கும்; அந்த மூலையை நிரப்புவதற்குத்தான் வர்க்கப் பூர்த்தி என்று பெயர். காகிதத்தை வெட்டி ஒட்டினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இன்னும் ஒரு படி. யாராவது வந்து, 140 மீட்டர் வேலிக்குள் செவ்வகமாக 1,300 சதுர மீட்டர் நிலம் இருக்கிறது, 32 செண்ட் என்று கிரயம் பேசுகிறார் என்று வையுங்கள். சமன்பாட்டில் போட்டால், மூலம் உண்டா இல்லையா என்று காட்டும் தன்மைகாட்டி குறை எண்ணாகிவிடும். மெய்யான மூலம் இல்லை. வகுப்பறையில் 'மெய்யெண் மூலங்கள் இல்லை' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவோம். அந்த வரிக்கு நிலத்தின் மொழியில் பொருள் வேறு: அப்படி ஒரு கொடிக்கால் பூமியில் இல்லை, பேசுகிறவர் சொல்லும் அளவு தவறு. 140 மீட்டர் வேலி அடைக்கக்கூடிய செவ்வகத்தின் உச்சம் 1,225 சதுர மீட்டர். தன்மைகாட்டி தெரிந்த வீட்டில் இந்த ஏமாற்று நடக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் ஏறியபோது வரப்பும் வேலியும் போன தோட்டங்கள் எத்தனை! வெள்ளம் வடிந்த பிறகு தன் நிலத்தைத் தானே அளந்து, பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருப்பது சின்ன விஷயமா?

இதே கணக்கைக் கவராயத்தாலும் தீர்க்கலாம். 70 அலகு விட்டத்துக்கு ஓர் அரைவட்டம். பரப்பு 1,200-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34.6. விட்டத்துக்கு இணையாக அந்த உயரத்தில் ஒரு கோடு. கோடு வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து செங்குத்து இறக்கினால் அது விட்டத்தை 30, 40 என்று பிரிக்கும். உயரம் 35-ஐத் தாண்டினால் கோடு வட்டத்தைத் தொடவே தொடாது. தன்மைகாட்டி குறை எண் என்பதன் முகம் அதுதான். 43-ஆம் வினாவின் கவராயமும் இருபடிச் சமன்பாடும் சந்திக்கும் இடம் இது. ஒரே ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளையைத்தான் நம் பள்ளிகளால் ஒதுக்க முடியவில்லை.

அடுத்து டெல்லி. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022-23 கல்வியாண்டுக்காக என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களில் கத்தரி வைத்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் டார்வினின் பரிணாமமும் தனிம வரிசை அட்டவணையும் போனதை நாடு அறியும். பரிணாமத்தை நீக்கியதைக் கண்டித்து 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதே கத்தரி பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வெட்டியதைப் பற்றி அந்த அளவுக்குக் குரல் எழவில்லை. வர்க்கப் பூர்த்தி முறை நீக்கப்பட்டது. முக்கோணங்கள் பாடத்தில் இருந்த பிதாகரஸ் தேற்றப் பகுதி, நிறுவலோடு நீக்கப்பட்டது. செய்முறை வடிவியல் அத்தியாயம் முழுவதும் நீக்கப்பட்டது. இருபடிச் சமன்பாட்டை நிலத்தோடு கட்டி வைத்திருந்த கயிறுகள் இந்த மூன்றும்தான். மூன்றையும் ஒரே நேரத்தில் அறுத்திருக்கிறார்கள்.

மிஞ்சியது சூத்திரம். அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் பக்கத்தைக் கிழித்துவிட்டு, 'மூலங்கள் இவை' என்று பிள்ளையின் கையில் திணிக்கிறது இப்போதைய நூல். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஒருவன் களிமண் பலகையில், சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருகிறது, பக்கம் என்ன என்று எழுதி, சதுரத்தை நிரப்பி விடை கண்டான். அரை என்பது விடை. அந்தப் பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் அல்-குவாரிஸ்மி, ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 என்று வைத்து, சதுரத்தின் இரு பக்கமும் 5 அகலப் பட்டை ஒட்டி, மூலையில் 25-ஐ நிரப்பி, 64 ஆக்கி, பக்கம் 8, அதில் 5 போக 3 என்று காட்டினார். மனித குலம் இந்தச் சமன்பாட்டைப் படமாகத்தான் முதலில் பார்த்தது. எழுத்தும் குறியும் பிறகு வந்தவை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் பிறகு வந்ததைக் கொடுத்து முதலில் வந்ததை மறைப்பது எந்தச் சுமைக் குறைப்பு?

உண்மையில் சுமை கூடியிருக்கிறது. காரணம் தெரிந்து ஒரு முறை கற்றால் வாழ்நாள் முழுக்க நிற்கக்கூடியதை, காரணமில்லாமல் நூறு முறை ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல் இந்த விஷயத்தில் தலை நிமிர்ந்து நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வர்க்கப் பூர்த்தி முறை அதில் இருக்கிறது. செய்முறை வடிவியல் இருக்கிறது. வாழ்க்கைக் கணக்குகளுக்கு மூன்று படிகளை அந்நூல் வகுத்துச் சொல்கிறது. மூன்றாவது படி, கிடைத்த விடையைக் கேட்ட கேள்வியோடு பொருத்திப் பார். பல பள்ளிகளில் விழுங்கப்படுவது அந்த மூன்றாவது படிதான். எழுதியிருப்பதைக் கற்பிக்காமல் விடுவது, எழுதாமல் விடுவதைவிடச் சிறிய குற்றமல்ல.

மூன்றாவது படியில்தான் 'குறை எண் ஆதலால் ஏற்க இயலாது' என்ற வரி வருகிறது. பிள்ளைகள் அதை மந்திரம்போல எழுதுகிறார்கள். அந்தக் குறை எண்ணும் பேசும் என்று யாரும் சொல்வதில்லை. பாடநூலின் ஏணிக் கணக்கையே எடுப்போம். 17 அடி ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து இருக்கும் தூரம், அது தொடும் உயரத்தைவிட 7 அடி குறைவு. உயரம் என்ன? மூலங்கள் 15, குறை 8. உயரம் 15 அடி என்று எழுதிவிட்டு, குறை 8-ஐ அடித்துவிடுகிறோம். ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? 15-இல் 7 போக 8. அடித்துப் போட்ட எண்ணின் அளவுதான் அது. 17 அலகு ஆரமுள்ள வட்டத்தை ஒரு நேர்கோடு இரண்டு இடங்களில் வெட்டுகிறது. ஒன்று நம் சுவர் நிற்கும் பக்கம், மற்றது எதிர்ப் பக்கம். படத்தைப் போட்டால் இரண்டு மூலங்களும் எதிரெதிரே நிற்பது தெரியும். கம்பக் கணக்கும் அப்படியே. 20 மீட்டர் விட்டமுள்ள வட்ட மைதானத்தின் ஓரத்தில் ஒரு கம்பம். விட்டத்தின் இரு முனைகளிலும் வாயில்கள். இரண்டு தூரங்களுக்கும் வித்தியாசம் 4 மீட்டர். அரைவட்டக் கோணம் செங்கோணம் என்ற தேற்றம் நினைவுக்கு வந்தால்தான் சமன்பாடே பிறக்கும். மூலங்கள் 12, குறை 16. ஒரு வாயில் 12 மீட்டரில். மற்றது 16 மீட்டரில். இவ்வளவு அழகான கணக்கின் மேல் எப்படி மனம் வந்து பெருக்கல் குறி போடுகிறோம்?

மிகை எண்ணையும் காரணத்தோடு தள்ளலாம் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்று குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போயிற்று. ஒரு குரங்கு மட்டும் வெளியே. மொத்தம் 50 அல்லது 5. இரண்டும் மிகை. 5 என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்று குறைக்க முடியாது. ஆகவே பொருந்தாது என்று காரணம் சொல்லி 5-ஐ விலக்கினார். ஆத்தூர் மாணவி கேட்ட அதே கேள்விக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருக்கிறது.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முடியுமா, அவர்களைக் கரையேற்ற வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, மதிக்கிறோம். ஆனால் அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது. எக்ஸையும் குறிகளையும் கண்டு மிரளும் பிள்ளைதான் முதலில் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேலிக்குக் கயிறு பிடித்திருக்கிறது, பாத்திக்கு மண் அணைத்திருக்கிறது. அதற்குத் தெரிந்த மொழியிலிருந்து தொடங்காமல், தெரியாத மொழியில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, 'இவனுக்கு இது போதும்' என்று முத்திரை குத்துகிறோம். உருவக் கணக்கைத் தரும் உரிமையை நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரப்பு கட்டுகிறவரின் பிள்ளைக்கு நகல் தாளைக் கொடுப்பது அநீதி.

ஆசிரியர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் விரும்பவில்லை. மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் மாவட்டங்களைத் தேர்ச்சி விகித வரிசையில் நிறுத்துகிறோம். பள்ளி வாசலில் நூறு சதவீதப் பதாகை கட்டுகிறோம். ஒரு பிள்ளை தவறினால் விளக்கம் கேட்கிறோம். இந்த நெருக்கடிக்குள் நிற்கும் ஆசிரியர் 2, 8 என்ற விடைகளை வைத்துக்கொண்டு மணலில் சதுரம் கீறிக்கொண்டிருக்க மாட்டார். அவரை அப்படி நிற்க வைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். பத்திரிகைகளாகிய நாமும் அந்த வரிசையை முதல் பக்கத்தில் போட்டவர்கள்தாம். இந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு.

தேசியக் கலைத்திட்டத்தின்படி என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் மாற்றி எழுதப்படும் காலம் இது. பத்தாம் வகுப்பு நூலில் வர்க்கப் பூர்த்தி முறை படத்தோடு திரும்ப வர வேண்டும். பிதாகரஸ் தேற்றம் நிறுவலோடு வர வேண்டும். செய்முறை வடிவியல் அத்தியாயம் வர வேண்டும். சுமை என்று சொல்லி மறுபடி தட்டிக்கழிக்க இடமில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககமும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் செய்ய வேண்டியதற்குப் பெரிய ஆணையோ புதிய நூலோ தேவையில்லை. ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-ஆம் வினா ஏற்கெனவே கட்டாய வினா. அதை உருவத்தையும் இருபடிச் சமன்பாட்டையும் இணைக்கும் கணக்காக அவ்வப்போது கேளுங்கள். எந்த ஆண்டும் வரலாம் என்ற நிலை வந்த மறுநாளே புத்தகத்தின் பெருக்கல் குறிகள் அழிந்துவிடும். செய்முறை வடிவியல் வினாவில் வரைந்த படத்துக்குக் காரணம் கேட்கும் ஒரு சிறு உட்பிரிவைச் சேருங்கள். மெல்லக் கற்போருக்கான கையேடுகளில் இந்தக் கணக்குகளைப் படத்தோடு முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். விடைக்குறிப்பில் படம் வரைந்ததற்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். 'குறை எண், ஆகவே ஏற்க இயலாது' என்ற மந்திரத்துக்கு இனி மதிப்பெண் வேண்டாம். '8 மீட்டர் பாதை போட்டால் 10 மீட்டர் நிலத்தில் பாத்திக்கு இடமில்லை' என்று தன் சொந்தச் சொல்லில் ஒரு பிள்ளை எழுதினால், அந்த வரிக்கு ஒரு முழு மதிப்பெண்ணைத் தனியாக ஒதுக்கி, விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கும் முன்பே மதிப்பீட்டாளர்கள் கையில் அச்சிட்டுக் கொடுங்கள்.